சேமித்த ஆப்ஷன் விலை, ஐவி, ரிசல்ட் நாள்: எப்போது நுழைவது, எப்போது வெளியேறுவது?

வண்ணை_வாசகன் | மாலை 6:12

கம்பெனிகளோட காலாண்டு ரிசல்ட் சீசன் நெருங்குது. நம்ம பக்கத்துப் பங்குகளையே வச்சுக் கேக்குறேன்: எண்ணூர்ல ஆலை இருக்கிற அசோக் லேலண்ட், திருவொற்றியூர்ல தொடங்குன என்ஃபீல்டை வச்சிருக்கிற ஐஷர். தினமும் ஆப்ஷன் செயினை (ஒரு பங்கோட எல்லா ஆப்ஷன் விலையும் உள்ள பட்டியல்) எக்செல்ல சேமிச்சு வச்சா, ஐவி (பங்கு வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஆடும்னு ஆப்ஷன் விலை காட்டுற எண்) மலிவா இருக்கிற நாளா பார்த்து வாங்க முடியுமா? எதைச் சேமிக்கணும், எத்தனை மணிக்கு, கணக்கை எப்படிப் போடணும்? டிப்ஸ் வேணாம், முறை தெரிஞ்சா போதும்.

தண்டை_தீட்டா | மாலை 6:40

முடியும். ஆனால் செயின் முழுவதையும் அள்ளிச் சேமித்தால் ஒரு மாதத்தில் நீங்களே வெறுத்துவிடுவீர்கள். ஒரு பங்குக்கு இவ்வளவு போதும்:

ஃப்யூச்சர் (பின்தேதிக்கு இன்றே பேசி முடிக்கும் பங்கு ஒப்பந்தம்) விலைக்கு மேலே 5 ஸ்ட்ரைக் (ஆப்ஷனில் குறித்த விலை), கீழே 5, நடுவில் 1. கால் (ஸ்ட்ரைக் விலைக்கு வாங்கும் உரிமை), புட் (விற்கும் உரிமை) இரண்டும். இந்த மாதம், அடுத்த மாதம் என இரண்டு எக்ஸ்பைரி (கான்ட்ராக்ட் முடியும் நாள்). மொத்தம் 44 வரி. ஒவ்வொரு வரியிலும் எடுத்த நேரம் நொடி வரை, பிட் (வாங்குபவர் கேட்கும் விலை), ஆஸ்க் (விற்பவர் கேட்கும் விலை), இரண்டின் அளவு, கடைசி விலை, ஓப்பன் இன்ட்ரஸ்ட் (இன்னும் முடிக்காத கான்ட்ராக்ட் எண்ணிக்கை), லாட் அளவு (ஒரு கான்ட்ராக்டில் எத்தனை பங்கு). அதே நொடியில் ஸ்பாட் விலையும் (பங்கின் அப்போதைய சந்தை விலை) இரண்டு மாத ஃப்யூச்சரின் பிட், ஆஸ்க்கும். இந்த கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் எடுத்த கோப்பு பிற்பாடு எதற்கும் உதவாது.

ஒரு நாளைக்கு மூன்று முறை எடுத்தால் போதும்: காலை 10:00, மதியம் 1:00, மாலை 3:10. 9:15-க்குச் சந்தை திறந்ததும் ஸ்டாக் ஆப்ஷனில் பிட்டுக்கும் ஆஸ்க்குக்கும் இடையே லாரியே போகலாம்; முதல் கால் மணி நேர ஐவி குப்பை. 3:25-க்கு மேல் பொசிஷனை முடிப்பவர்களின் அவசரம் விலையில் ஏறிவிடும்.

15 பங்கு என்றால் ஒரு முறைக்கு 660 வரி, நாளைக்கு 1,980. எக்செல் சில மாதம் தாங்கும். அதற்குள் எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு மாறிவிடுங்கள், பைத்தானிலிருந்து நேராக எழுதலாம்.

காசிமேடு_காளை | மாலை 7:05

இன்னாத்துக்கு இந்த வேலை? என்எஸ்இ (தேசிய பங்குச் சந்தை) தினமும் பவ்காப்பின்னு அன்னிக்கு விலைக் கோப்பைச் சும்மாவே குடுக்குது. பழைய வருஷமும் கிடைக்குது. அதை இறக்கி ஐவி போட்டா முடிஞ்சுது.

தண்டை_தீட்டா | மாலை 7:31

காளை அண்ணே, பவ்காப்பியில் பிட்டும் ஆஸ்க்கும் கிடையாது. ஆப்ஷனின் கடைசி வர்த்தகம் மதியம் 1:40-க்கு நடந்திருக்கலாம். பங்கின் குளோஸ் விலை என்று பழைய கோப்புகளில் இருப்பது கடைசி அரை மணி நேரத்தின் சராசரி. இரண்டையும் ஒரே வாய்பாட்டில் போட்டால் நடுவே பங்கு ஒரு சதவீதம் நகர்ந்ததெல்லாம் ஐவியாக வேடம் போட்டு வரும். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் போன விலையை மதியம் கேட்டுக்கொண்டு நிற்பது போலத்தான் இது. அந்த விலைக்கு மீன் கிடையாது.

இன்னொன்று, வர்த்தகமே நடக்காத ஸ்ட்ரைக்குக்கும் அந்தக் கோப்பில் ஒரு விலை நிரம்பியிருக்கும். வால்யூம் 0 உள்ள வரியை முதலில் தூக்கிவிடுங்கள்.

ஆனாலும் பவ்காப்பி வீண் இல்லை. நீங்கள் சேமிக்கத் தொடங்கும் முன் உள்ள வருடங்களுக்கு வேறு வழியில்லை. ஏடிஎம் ஸ்ட்ரைக் (சந்தை விலைக்கு மிக அருகில் உள்ளது) மட்டும், அதுவும் வால்யூம் நன்றாக உள்ள பங்குகளில் மட்டும் எடுத்தால் தோராயப் படம் கிடைக்கும். 2024 ஜூலையில் கோப்பின் வடிவம் மாறியது. தலைப்புப் பெயர்கள் முழுக்க வேறு. ஒரே நிரலில் இரண்டு காலத்தையும் படிக்க முடியாது.

வண்ணை_வாசகன் | மாலை 7:44

புரோக்கர் ஏபிஐல (நிரல் வழியா தரவு எடுக்கிற வசதி) முடிஞ்சுபோன எக்ஸ்பைரியோட பழைய விலை கிடைக்காதா?

பெரம்பூர்_29சி | மாலை 7:58

பெரும்பாலும் கிடைக்காது. எக்ஸ்பைரி முடிஞ்சதும் அந்தக் கான்ட்ராக்ட் பட்டியலை விட்டே போயிடும். இதுல ஒரு கண்ணி இருக்கு: ஒவ்வொரு கான்ட்ராக்டுக்கும் ஏபிஐ ஒரு எண் குடுக்கும்ல, அதே எண் பிற்பாடு வேற கான்ட்ராக்டுக்குப் போகலாம். எண்ணை மட்டும் சேமிச்சு வச்சா ஆறு மாசம் கழிச்சு லேலண்ட் கால் வரியில சம்பந்தமே இல்லாத புட் கலந்து நிக்கும். பங்கு பேர், எக்ஸ்பைரி தேதி, ஸ்ட்ரைக், கால் அல்லது புட்: இந்த நாலும் ஒவ்வொரு வரியிலயும் எழுத்தாவே இருக்கணும்.

பிட் இல்லாத ஸ்ட்ரைக்குக்கு 0-ன்னு எழுதாதீங்க, காலியா விடுங்க. 0-வும் ஆஸ்க்கும் சேர்ந்து மிட் (ரெண்டுக்கும் நடு விலை) போட்டா பாதி விலை வரும், ஐவி அதலபாதாளத்துல நிக்கும், "ஆகா மலிவு"ன்னு தோணும்.

மின்ட்_கணக்கன் | இரவு 8:20

ஐவி கணக்கிடும் முறையைச் சொல்கிறேன்.

ஸ்பாட்டை வைத்துப் போட வேண்டாம், ஃப்யூச்சரை வையுங்கள். ஸ்பாட்டுடன் வட்டி விகிதம் ஒன்றை ஊகித்துப் போட்டால் ஒரே ஸ்ட்ரைக்கில் கால் ஐவி ஒன்றும் புட் ஐவி வேறொன்றுமாக வரும். ஒரே எக்ஸ்பைரி, ஒரே ஸ்ட்ரைக் என்றால் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தாக வேண்டும். வித்தியாசம் வந்தால் அது சந்தையின் கருத்து அன்று, உங்கள் வட்டியிலோ டிவிடெண்டிலோ உள்ள பிழை. ஃப்யூச்சர் விலையில் இரண்டும் ஏற்கெனவே அடங்கியிருக்கின்றன. என்எஸ்இ ஸ்டாக் ஆப்ஷன்கள் 2011 முதல் ஐரோப்பிய வகை, அதாவது எக்ஸ்பைரிக்கு முன் உரிமையைப் பயன்படுத்த முடியாது. ஆகவே ஃப்யூச்சரை வைத்து ஆப்ஷனுக்கு விலையிடும் பிளாக்-76 வாய்பாடு நேராகப் பொருந்தும்.

அடுத்த மாத ஃப்யூச்சர் மெலிந்து கிடந்தால் ஏடிஎம் ஸ்ட்ரைக்கில் கால் மிட்டிலிருந்து புட் மிட்டைக் கழித்து ஸ்ட்ரைக்கோடு கூட்டுங்கள். ஆப்ஷன் சந்தை நினைக்கும் ஃப்யூச்சர் விலை அதுதான்.

கையால் சரிபார்க்க ஒரு குறுக்கு வழி: ஏடிஎம் ஸ்ட்ராடில் (ஒரே ஸ்ட்ரைக்கில் கால், புட் இரண்டும் சேர்ந்தது) விலை ÷ (0.8 × ஃப்யூச்சர் × √(நாள்/252)). 252 என்பது வருடத்தின் வர்த்தக நாட்கள். ஃப்யூச்சர் 1240, ஸ்ட்ராடில் 62, எக்ஸ்பைரிக்கு 15 வர்த்தக நாள் என்றால் 62 ÷ 242 = 25.6 சதவீதம். நிரல் தரும் விடை இதிலிருந்து ஒரு புள்ளிக்கு மேல் விலகினால் நிரலைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதையும் கூடவே எழுதி வையுங்கள். மேற்படி உதாரணத்தில் ஐவி ஒரு புள்ளி மாறினால் கால் விலை 1.21 ரூபாய் மாறும், அதுதான் வேகா. பிட் 29.50, ஆஸ்க் 32.50 என்றால் பாதி இடைவெளி 1.50. அப்படியானால் உங்கள் ஐவி 25.6 கூட்டவோ குறைக்கவோ 1.2. நேற்று 25, இன்று 26 என்று கோடு ஏறுவதைப் பார்த்து எந்த முடிவும் எடுக்க இடமில்லை.

காசிமேடு_காளை | இரவு 8:41

252-ஆ 365-ஆ? எங்கிட்ட இருக்கிற ஆப்ல வெள்ளிக்கிழமை சாயந்தரம் ஐவி எப்பவும் கம்மியா காட்டுது. அன்னிக்கு வாங்கி திங்கக்கிழமை விக்கலாம்னு ஒரு யோசனை.

மின்ட்_கணக்கன் | இரவு 8:55

அந்த யோசனையை இப்போதே விட்டுவிடுங்கள். அந்த இறக்கம் நாட்காட்டி செய்யும் வேலை. 2025 செப்டம்பரிலிருந்து என்எஸ்இ மாத எக்ஸ்பைரி கடைசி வியாழனிலிருந்து கடைசி செவ்வாய்க்கு வந்துவிட்டது. எக்ஸ்பைரிக்கு முந்தைய வெள்ளி மாலை மிச்சம் இருப்பது வர்த்தக நாளில் 2, காலண்டர் நாளில் 4. வர்த்தக நாள் கணக்கில் 30 வரும் ஐவி, 365 கணக்கில் 25.5 ஆகத் தெரியும். விலை ஒன்றுதான், வகுத்த எண்தான் வேறு. திங்கள் காலை திரும்ப ஏறியது போல் தெரிவதும் அதே காரணம். நடுவே தீட்டா (நாள் கழியக் கழிய ஆப்ஷன் விலை தேய்வது) போனது மட்டும் நிஜம்.

எதை வேண்டுமானாலும் எடுங்கள், ஒன்றையே கடைசிவரை வையுங்கள். ரிசல்ட் கணக்குக்கு வர்த்தக நாள்தான் வசதி. விடுமுறைப் பட்டியலைக் கோப்பாக வைத்து எண்ணுங்கள். "கடைசி வியாழன்" என்று நிரலில் எழுதி வைத்தவர்கள் அதையும் மாற்றியாக வேண்டும். செவ்வாய் விடுமுறை என்றால் எக்ஸ்பைரி முந்தைய வர்த்தக நாளுக்கு வரும்.

வண்ணை_வாசகன் | இரவு 9:10

சரி, எண் கிடைச்சாச்சு. இது மலிவா விலை கூடவான்னு ஐவி ரேங்க் (வருஷக் குறைவுக்கும் கூடுதலுக்கும் நடுவுல இன்னிக்கு எங்க நிக்குது) பார்த்து முடிவு பண்ணலாமா?

பெரம்பூர்_29சி | இரவு 9:26

ரேங்க் ஒரே ஒரு பைத்தியக்கார நாளால கெட்டுப்போகும். வருஷக் குறைவு 18, கூடுதல் 62, இன்னிக்கு 30-ன்னு வைங்க. ரேங்க் 12 ÷ 44, அதாவது 27. மலிவுன்னு தோணும். ஆனா அந்த 62 ஒரே வாரம்தான் இருந்துச்சு, மத்த நாள்ல பெரும்பாலும் 20-லிருந்து 28-க்குள்ளன்னா, இன்னிக்கு 30-ங்கிறது வருஷத்தோட உச்சப் பகுதி. எத்தனை நாள் இதைவிடக் கீழ இருந்துச்சுன்னு எண்ணுற பெர்சென்டைல் அதைச் சரியா காட்டும். ஆப்ல எது வரும்னு தெரியாம பார்க்காதீங்க, சிலதுல பேரு மாறியே போட்டிருக்கும்.

இந்தியா விக்ஸை ஸ்டாக்குக்கு அளவுகோலா எடுக்காதீங்க. அது நிஃப்டி ஆப்ஷன்லேருந்து வர்ற ஐவி அளவு. 2024 ஜூன் 4 தேர்தல் முடிவன்னிக்கு 26-க்கு மேல மூடுச்சு, மறுநாளே 19-க்குக் கீழ. நிகழ்ச்சி முடிஞ்சதும் ஐவி எப்படி ஆவியாகும்னு பார்க்க நல்ல உதாரணம், அவ்வளவுதான். லேலண்டோட ரிசல்ட்டைப் பத்தி அதுக்கு ஒண்ணும் தெரியாது.

தண்டை_தீட்டா | இரவு 9:50

ரேங்க், பெர்சென்டைல் இரண்டுக்குமே இதைவிட அடிப்படையான கோளாறு ஒன்று உண்டு. எக்ஸ்பைரிக்கு 25 நாள் இருக்கும்போது எடுத்த ஐவியையும் 4 நாள் இருக்கும்போது எடுத்த ஐவியையும் ஒரே வரிசையில் அடுக்கி ஒப்பிடுகிறீர்கள். முதலில் எல்லாவற்றையும் 30 நாள் ஐவியாக மாற்றுங்கள்.

இந்த மாதம் 8 காலண்டர் நாள், ஐவி 38. அடுத்த மாதம் 36 நாள், ஐவி 29. ஐவியை நேராகச் சராசரி எடுக்கக் கூடாது. வர்க்கத்தை நாளால் பெருக்கி அதை இடைக்கணிக்க வேண்டும். 0.1444 × 8 = 1.155. 0.0841 × 36 = 3.028. 30-ஆவது நாள் இரண்டுக்கும் இடையில் 28-இல் 22 பங்கு தூரம், 2.626 வருகிறது. 30-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 29.6 சதவீதம்.

நம் சந்தையில் தொல்லை எங்கே என்றால், ஸ்டாக் ஆப்ஷனில் அடுத்த மாதத்துக்கு எக்ஸ்பைரி வாரம் வரும்வரை ஆளே இருக்காது. பிட் 14, ஆஸ்க் 22 என்று கிடக்கும். அப்படிப்பட்ட நாளில் 30 நாள் ஐவியைக் காலியாக விடுவதே மேல். இட்டு நிரப்பினால் பிற்பாடு அதையே நம்பித் தொலைப்போம்.

காசிமேடு_காளை | இரவு 10:04

இவ்ளோ கணக்கு தேவையில்ல பா. ரிசல்ட்டுக்கு முன்னாடி ஐவி ஏறும், எல்லாருக்கும் தெரியும். 20 நாள் முன்னாடி ஸ்ட்ராடில் வாங்கு, ரிசல்ட்டுக்கு முந்தின நாள் வித்துட்டு வெளிய வா. ரிசல்ட் ரிஸ்க்கே கிடையாது. ஏறுன ஐவி நமக்கு.

மின்ட்_கணக்கன் | இரவு 10:37

இந்த இழையில் இதைத்தான் விரிவாகப் பேச வேண்டும். ஐவி ஏறுவதும் ஸ்ட்ராடில் விலை ஏறுவதும் வேறு வேறு.

ஒரு கற்பனைப் பங்கு, விலை 1500, லாட் 500. வழக்கமான நாட்களுக்குச் சந்தை போடும் ஐவி 24. இதை அடிப்படை ஐவி என்போம். ரிசல்ட் நாளுக்கு மட்டும் தனியாக ஒரு அசைவை விலையில் ஏற்றுகிறது, அது 6.55 சதவீதம் என்று வைப்போம். எக்ஸ்பைரி வரையிலான ஐவி இந்த இரண்டின் கலவை:

ஐவி வர்க்கம் × மொத்த நாள்/252 = அடிப்படை ஐவி வர்க்கம் × (மொத்த நாள் − 1)/252 + ரிசல்ட் அசைவின் வர்க்கம்.

20 வர்த்தக நாள் இருக்கும்போது இதில் போட்டால் ஐவி 33. பத்து நாள் கழித்து, 10 நாள் மிச்சம் இருக்கும்போது 40. சந்தை எதையும் மறுமதிப்பீடு செய்யவில்லை. அடிப்படை 24, ரிசல்ட் அசைவு 6.55 என அப்படியே இருக்கின்றன. சாதாரண நாட்கள் கழிந்ததால் ரிசல்ட் நாளின் பங்கு பெரிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான்.

ஸ்ட்ராடில் விலையைப் பாருங்கள். 20 நாளில் 0.8 × 1500 × 0.33 × √(20/252), ஏறத்தாழ 111.50. 10 நாளில் 95.60. ஐவி 7 புள்ளி ஏறியிருக்கிறது, பங்கு நகராவிட்டால் ஸ்ட்ராடில் 16 ரூபாய் இறங்கியிருக்கிறது. லாட்டுக்கு 8,000 ரூபாய். ஐவி கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது புதிராகவே இருக்கும்.

ஆகவே சேமித்த விலைகளிலிருந்து எடுத்து வைக்க வேண்டியது ஐவியை அன்று, ரிசல்ட் அசைவை. 20 நாள் முன்பு அதே பங்கில் ஐவி 33-க்குப் பதில் 29 இருந்தால் கணக்கு 4.8 சதவீதம் என்று வரும். கடந்த சீசன்களின் கோப்பில் இந்தப் பங்கு ரிசல்ட் நெருங்கும்போது 6.5-க்குப் போயிருந்தால், அப்போது "மலிவு" என்ற சொல்லுக்கு ஒரு பொருள் உண்டு.

வண்ணை_வாசகன் | இரவு 10:52

அடிப்படை ஐவி 24-ன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதை யாரும் திரையில போட மாட்டாங்களே.

மின்ட்_கணக்கன் | இரவு 11:15

மூன்று வழி.

ரிசல்ட் இந்த மாத எக்ஸ்பைரிக்குப் பிறகு வருகிறது என்றால் இந்த மாத ஐவியே அடிப்படை. இதுதான் சுத்தமானது.

இரண்டு எக்ஸ்பைரியும் ரிசல்ட்டுக்குப் பிறகே என்றால், ஒவ்வொன்றிலும் ஐவி வர்க்கத்தை நாளால் பெருக்கி, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, நாள் வித்தியாசத்தால் வகுங்கள். ரிசல்ட் அசைவு இரண்டிலும் பொது என்பதால் கழிந்துபோகும். 10 நாளில் 40, 30 நாளில் 30.3 என்றால்: (0.0918 × 30 − 0.16 × 10) ÷ 20 = 0.0577, வர்க்கமூலம் 24. அடுத்த மாத ஐவியில் 1.5 புள்ளி பிழை இருந்தாலும் ரிசல்ட் அசைவு 6.2-க்கும் 6.9-க்கும் இடையில்தான் அலையும், பயன்படுத்தக்கூடிய துல்லியம்தான்.

மூன்றாவது, போன ரிசல்ட் முடிந்து ஐந்தாறு நாளில் ஐவி எங்கே படிந்தது என்று உங்கள் கோப்பில் பார்ப்பது. இது தோராயம். நடுவில் சந்தையின் சூழலே மாறியிருந்தால் பொருந்தாது.

தண்டை_தீட்டா | இரவு 11:32

ஒரு திருத்தம் சேர்க்கிறேன். கணக்கன் சொன்ன உதாரணத்திலேயே 29 ஐவியில் வாங்கினால் ஸ்ட்ராடில் 98. பத்து நாள் கழித்து ரிசல்ட் அசைவு 6.55 ஆக உயர்ந்தும் விலை 95.60. மலிவாக வாங்கியும் 2.40 நட்டம், பங்கு 1500-லேயே படுத்துக் கிடந்தால். சாதாரண நாட்களின் தீட்டாவுக்கு ஈடு, பங்கு அந்த நாட்களில் ஆடும் ஆட்டம்தான். அடிப்படை 24 என்றால் நாளைக்கு 1.5 சதவீதம் அளவில் ஆட வேண்டும். 24-ஐ 16-ஆல் வகுத்தால் வருவது அது. 252-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16.

அந்த ஆட்டத்தைக் காசாக்க டெல்டாவை (பங்கு ஒரு ரூபாய் நகர்ந்தால் நம் பொசிஷன் எவ்வளவு நகரும் என்பது) சமன் செய்ய வேண்டும். இங்கேதான் சிறு முதல்காரருக்கு இடிக்கும்: ஒரு லாட் ஃப்யூச்சர் என்றால் டெல்டா 1. ஒரே ஒரு ஸ்ட்ராடில் வைத்திருப்பவரின் டெல்டா 0.3 ஆனாலும் ஒரு ஃப்யூச்சர் விற்றால் மறுபக்கம் 0.7 சாய்ந்துவிடும். நான்கு ஸ்ட்ராடிலாவது இருந்தால்தான், ஒவ்வொன்றும் 0.25 சாயும்போது ஒரு ஃப்யூச்சரால் நேராக்கலாம். ஒன்று மட்டும் உள்ளவர் பழைய ஸ்ட்ரைக்கை முடித்து புதிய ஏடிஎம்முக்கு மாறலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பிட்-ஆஸ்க் இடைவெளி தின்னும்.

பெரம்பூர்_29சி | இரவு 11:50

அந்த இடைவெளிதான் மொத்தக் கதையும். கால், புட் ரெண்டுலயும் பாதி இடைவெளி 1.50-ன்னா, போக வர 6 ரூபாய், 500 லாட்டுக்கு 3,000. எஸ்டிடியை (பங்குப் பரிவர்த்தனை வரி) பத்தி எல்லாரும் புலம்புறாங்க. 2024 அக்டோபர்ல விக்கிற பிரீமியத்துல 0.0625-லேருந்து 0.1 சதவீதமா ஏத்துனாங்க. அந்தக் கணக்குல 95.60 ஸ்ட்ராடிலை வித்தா 48 ரூபாய். இப்ப என்ன விகிதம்னு கான்ட்ராக்ட் நோட்டைப் பாருங்க, எதுவா இருந்தாலும் 3,000-க்குப் பக்கத்துல அது தூசு.

மார்க்கெட் ஆர்டர் கூடவே கூடாது. மிட்ல லிமிட் போடுங்க, முப்பது நொடி பாருங்க, அப்புறம் 5 பைசா, 10 பைசான்னு நகத்துங்க. மெலிஞ்ச பக்கத்தை முதல்ல முடிங்க, வால்யூம் உள்ளதை அப்புறம் எடுங்க. தலைகீழா பண்ணா ஒரு கால்ல நின்னுக்கிட்டு பங்கு ஓடுறதை வேடிக்கை பார்க்கணும்.

ரிசல்ட்டை தாண்டியும் வச்சிருக்கப் போறீங்கன்னா இதையும் பாருங்க: 95.60-க்கு வாங்குன ஸ்ட்ராடில், மறுநாள் ஐவி 24-க்கு இறங்கி பங்கு நகரலன்னா 54 ரூபாய். 41 போச்சு, லாட்டுக்கு இருபதாயிரத்துக்கு மேல. முதல் தப்பிக்கவே பங்கு ஏறத்தாழ 90 ரூபாய், 6 சதவீதம் நகரணும்.

காசிமேடு_காளை | இரவு 11:58

அப்போ விக்கிறவன் பக்கம் போய் நின்னா போதுமே.

மின்ட்_கணக்கன் | காலை 6:20

போதாது. 6.55 என்பது ஒரு திட்ட விலகல். சராசரி அசைவாகச் சொன்னால் அதில் 0.8 பங்கு, 5.2 சதவீதம். உங்கள் கோப்பில் ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் இரண்டு எண்ணை அருகருகே வையுங்கள்: முந்தைய மாலை 3:10-க்குச் சந்தை விலையிட்ட சராசரி அசைவு, மறுநாள் நடந்த உண்மை அசைவு. விலையிட்டது தொடர்ந்து அதிகமாக இருந்தால் விற்பவருக்குச் சாதகம். ஆனால் இரண்டு வருடம் சேமித்தாலும் ஒரு பங்குக்கு எட்டு ரிசல்ட்தான். ஏழு முறை 3 சதவீதம் நகர்ந்த பங்கு எட்டாவது முறை 12 சதவீதம் நகர்ந்து திறந்தால் ஏறத்தாழ மூன்று முறை சேர்த்தது ஒரே நாளில் போய்விடும். ஒரே துறையின் பங்குகளைச் சேர்த்துப் பாருங்கள். விற்றால் இரண்டு பக்கமும் தூரத்து ஸ்ட்ரைக் வாங்கி நட்டத்துக்கு எல்லை கட்டுங்கள். ரிசல்ட் இடைவெளித் திறப்பில் ஸ்டாப்லாஸ் வேலை செய்யாது.

தண்டை_தீட்டா | காலை 6:48

கோப்பைக் கெடுக்கும் மற்ற சில விஷயங்கள்.

போனஸ், ஸ்பிளிட். 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் 1:1 போனஸ் தந்தபோது 3000 ஸ்ட்ரைக் 1500 ஆனது, லாட் 250-லிருந்து 500 ஆனது. 2025 ஜூலையில் அசோக் லேலண்டிலும் 1:1. பழைய வரிகளைத் திருத்தாதீர்கள். தேதியும் காரணியும் கொண்ட தனிப் பட்டியல் வைத்துக் கணக்கின்போது மட்டும் வகுங்கள். ஐவி சதவீதம் என்பதால் அது மாறாது. உண்மை அசைவைக் கணக்கிடும்போதுதான் பங்கு 50 சதவீதம் விழுந்ததாகக் காட்டும். சந்தை விலையில் 2 சதவீதத்துக்கு மேற்பட்ட டிவிடெண்டுக்கும் ஸ்ட்ரைக் குறைக்கப்படும், அப்போது 1487.50 போன்ற விசித்திர எண்கள் வரும்.

ஓப்பன் இன்ட்ரஸ்ட் வரம்பில் 95 சதவீதத்தைத் தாண்டி ஃப்யூச்சர், ஆப்ஷன் (எஃப் அண்ட் ஓ) தடையில் விழுந்த பங்கு. புதிதாக நுழைய ஆளில்லாத விலை அது. அந்த நாட்களுக்குக் கொடி போட்டு ஒதுக்குங்கள்.

நிலையான ஒரு ஸ்ட்ரைக்கின் ஐவியைத் தொடர்வது. பங்கு இறங்கினால் அந்த ஸ்ட்ரைக் ஏடிஎம்மை விட்டு விலகி ஸ்க்யூவால் (ஸ்ட்ரைக்குக்கு ஸ்ட்ரைக் ஐவி வேறுபடுவது) வேறு ஐவி காட்டும். எப்போதும் ஃப்யூச்சர் விலைக்கு இருபுறமும் உள்ள இரண்டு ஸ்ட்ரைக்கை எடுத்து இடைக்கணியுங்கள்.

மின்வெட்டு, இணையத் துண்டிப்பு. எடுக்காத நாளை முந்தைய நாள் எண்ணால் நிரப்பாதீர்கள்.

மட்டுறுத்துநர் | காலை 8:05

இரண்டு நினைவூட்டல். சேமித்த மூலத் தரவை இங்கே பதிவேற்றக் கூடாது. எக்ஸ்சேஞ்ச் தரவை மறுவிநியோகம் செய்ய நமக்கு உரிமையில்லை. கணக்கின் விடைகளை மட்டும் பகிரலாம். அடுத்து, 2021-22 முதல் 2023-24 வரை எஃப் அண்ட் ஓ-வில் வர்த்தகம் செய்த தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டமடைந்ததாக செபி ஆய்வு சொல்கிறது. புதிதாக வருபவர்கள் முதலில் ஒரு சீசன் முழுக்கக் காகிதத்தில் பார்க்கவும்.

வண்ணை_வாசகன் | காலை 8:30

கடைசியா ஒண்ணு. ரிசல்ட் தேதியை எப்படிப் பதியணும்? சனிக்கிழமை வர்ற பேங்க் ரிசல்ட்டுக்கு எந்த நாளை எடுக்குறது?

பெரம்பூர்_29சி | காலை 8:47

தேதி மட்டும் பத்தாது, சந்தை நேரத்துக்குள்ளயா வெளியவான்னும் ஒரு கட்டம் வேணும். 3:30-க்கு அப்புறம் வந்தா அசைவு அடுத்த வர்த்தக நாளோடது. பெரிய தனியார் பேங்க் சிலது சனிக்கிழமை வெளியிடும். அப்போ வெள்ளி மாலை 3:10 கோப்புதான் "முந்தின நாள்", திங்கள் காலை 10:00 கோப்பு "மறுநாள்". மதியம் 1 மணிக்கு நடுவுல வர்ற ரிசல்ட்னா அன்னிக்குக் காலை 10:00-யும் மாலை 3:10-யும் எடுங்க. ஐவி சரிவுல பெரும்பகுதி ரிசல்ட் வந்த கொஞ்ச நேரத்துலயே முடிஞ்சிருக்கும்.

போர்டு மீட்டிங் தேதியை எக்ஸ்சேஞ்ச் அறிவிப்புல மட்டும் எடுங்க. தேதி தள்ளிப்போய் எக்ஸ்பைரியைத் தாண்டிட்டா அந்த மாத ஆப்ஷன்ல இருந்த ரிசல்ட் அசைவு ஒரே நாள்ல காணாமப் போகும். எக்ஸ்பைரிக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி ரிசல்ட் வச்சிருக்கிற பங்குல இன்னொரு செலவும் இருக்கு: 2019 அக்டோபர்லேருந்து ஸ்டாக் ஆப்ஷன் முழுக்க டெலிவரி செட்டில்மென்ட். லாபத்துல நிக்கிற ஆப்ஷனை வாங்கி வச்சிருந்தாலும் எக்ஸ்பைரிக்கு நாலு நாள் முன்னாடியிருந்து டெலிவரி மார்ஜின் படிப்படியா ஏறும். 48,000 குடுத்து வாங்குன ஸ்ட்ராடிலுக்கு எக்ஸ்பைரியில 7.5 லட்சத்துக்குப் பங்கு எடுக்கவோ குடுக்கவோ வேண்டி வரும். ரிசல்ட் முடிஞ்ச மறுநாள் காலை 10 மணிக்குள்ள ரெண்டு பக்கத்தையும் முடிக்கிற மாதிரி ஆர்டரை முன்னாடியே எழுதி வைங்க.

வண்ணை_வாசகன் | காலை 9:02

நல்லது அண்ணே. இன்னிக்கு 10:00 கோப்புலேருந்து தொடங்குறேன், லேலண்டும் ஐஷரும் மட்டும். 88 வரிதானே.

தண்டை_தீட்டா | காலை 9:06

88, கூடவே ஸ்பாட் 2, ஃப்யூச்சர் 4. கணினியின் கடிகாரத்தை முதலில் சரிபாருங்கள்.